ஏரி வேலைக்கு ஆதாயத்தைச் சொல்லி ஆள் சேர்த்தோம், அது தப்பா?

மாங்கொல்லை (காவேரிப்பட்டணம்) கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். ஊர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் பல வருஷமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. நடுவில் மண் மேவிப்போய்விட்டது, ஓரிடத்தில் ஒருவர் வேலியே போட்டுவிட்டார். நல்ல மழை பெய்த வருஷத்திலும் தண்ணீர் ஏரிக்குப் போகாமல் தார்ரோட்டில் ஓடி வீணாகும்.

இந்தக் கோடையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஊர்க்கூட்டம் போட்டோம். முதல் கூட்டத்தில் நம் ஊர், நம் ஏரி, பிள்ளைகளுக்கு விட்டுப்போக வேண்டும் என்றெல்லாம் பேசினோம். எல்லோரும் தலையாட்டினார்கள், டீ குடித்தார்கள், கலைந்து போனார்கள். பணம் என்று வந்ததும் நாலைந்து வீட்டைத் தவிர யாரும் கை நீட்டவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் பேச்சை மாற்றினோம். சர்வே வரைபடத்தில் ஏரிக்குக் கீழே யார் யார் போர் (ஆழ்துளைக் கிணறு) எங்கே இருக்கிறது என்று புள்ளி வைத்தோம். ஏரி நிரம்பிய வருஷம் சித்திரையிலும் எந்த போர் ஓடியது, எது காற்று வாங்கியது என்று அவரவர் வாயாலேயே சொல்ல வைத்தோம். மாந்தோப்புக்காரர்களிடம், டேங்கரில் தண்ணீர் வாங்கி மரத்தைக் காப்பாற்ற ஒரு கோடைக்கு ஆகும் செலவையும் கால்வாய்க்கு ஏக்கர் கணக்கில் கேட்கும் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினோம். பணம் வந்தது, ஜேசிபி வந்தது. வேலி போட்டிருந்தவருக்கும் ஏரிக்குக் கீழே ஒரு போர் உண்டு. அவர் தாசில்தார் ஆபீஸ் வரை போகவிடாமல், தான் நட்ட கல்லைத் தானே கடப்பாறையால் நெம்பி எடுத்து உள்ளே தள்ளி நட்டார். மண் வாசனையோடு அந்தக் குழி வாய் திறந்து கிடந்ததை ஊரே நின்று பார்த்தது.

இதில் மனசு நொந்தவர் எங்கள் ஊர் தமிழ் வாத்தியார். ஓய்வு பெற்றவர், எங்களில் பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர். அவர் சொன்னது: "தகடூர் அதியமான் கிடைக்காத நெல்லிக்கனி கிடைத்தும் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். அந்தச் சீமையில் ஏரிக்கு வாங்கடா என்று கூப்பிட லாபம் காட்ட வேண்டியிருக்கிறது. லாபத்துக்கு வந்தவன் நஷ்டத்துக்கு நிற்க மாட்டான், பார்த்துக்கொள்." நான் பதில் பேசவில்லை. ஆனால் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ராஜா உத்தரவு போட்டு ஏரி வெட்டிய காலம் போய்விட்டது. ஆளுக்கு ஒரு ஓட்டு, யாரும் யாரையும் அதட்டி வேலை வாங்க முடியாது. அப்படிப்பட்ட சமூகத்தில் பொதுக் காரியத்துக்கு மனிதர்களை எது இழுத்து வரும்? அவரவர் நலன்தான் என்றால் அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைக்கலாமா? அப்புறம் ஓட்டுக்குப் பணம் வாங்குகிறவரும் 'எனக்கு என்ன கிடைக்கும்' என்றுதானே கேட்கிறார், அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? படித்தவர்கள், யோசித்தவர்கள் சொல்லுங்கள்.

தகடூர் வாசகர்:

உங்கள் வாத்தியாரின் கவலை நியாயமானது. ஆனால் கிட்டத்தட்ட இதே கேள்வியை வாழ்நாள் முழுக்க யோசித்த ஒருவர் உங்கள் பக்கம் நிற்கிறார்: பிரான்சைச் சேர்ந்த அலெக்சி த தொக்வில். பிரபு குடும்பத்துப் பிள்ளை. புரட்சியில் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தலை போனது, அப்பா அம்மா சிறையிலிருந்து தப்பிப் பிழைத்தார்கள். அதனால் மக்களாட்சி என்றதும் மாலை போட்டு வரவேற்கும் மனிதர் இல்லை, சந்தேகத்தோடு பார்க்கிறவர். 1831-ல் அமெரிக்கச் சிறைகளைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலையாக அங்கே போய், ஒன்பது மாதம் சுற்றினார். அந்த நாட்டு ஜனநாயகத்தைப் பற்றி 1835-லும் 1840-லும் இரண்டு பாகம் எழுதினார்.

அவர் பார்த்தது என்னவென்றால், பழைய சமூகத்தில் ஒவ்வொருவனும் மேலே ஒருவனோடும் கீழே ஒருவனோடும் கட்டப்பட்டிருந்தான். அந்தக் கட்டு அநியாயமானதுதான், ஆனாலும் 'என் ஆட்கள்' என்று ஒருவருக்காக ஒருவர் எதையாவது இழக்கும் பழக்கம் அதில் இருந்தது. எல்லோரும் சமம் என்று ஆனதும் கட்டு அறுந்துவிடும். மனிதன் கெட்டவனாகிவிட மாட்டான். தன் வீடு, தன் பெண்டாட்டி பிள்ளை, நாலு சிநேகிதர் என்று ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டு, ஊரை ஊர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிவிடுவான். தொக்வில் பயந்தது இந்த ஒதுக்கத்துக்குத்தான். எல்லோரும் இப்படி ஒதுங்கிய இடத்தில், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு பெரிய அரசு வந்து உட்காரும், அடிக்காமலே மனிதர்களைச் சின்னப் பிள்ளைகளாக வைத்திருக்கும் என்றார். ஏரி தூர்ந்தால் 'பொதுப்பணித் துறை என்ன செய்கிறது' என்று கேட்டுவிட்டுத் தூங்கப்போகும் நம்மைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

இதற்கு அமெரிக்கர்கள் வைத்திருந்த மருந்து, நீங்கள் இரண்டாம் கூட்டத்தில் செய்ததுதான். நன்மை செய்வது அழகு என்று அங்கே யாரும் பிரசங்கம் பண்ணவில்லை, நன்மை செய்தால் உனக்கே ஆதாயம் என்று சொன்னார்கள், அதை ஆளுக்கு ஆள் நிரூபித்தும் காட்டினார்கள். அவர் ஒரு உதாரணம் தருகிறார். நாட்டின் தலைவிதியைப் பற்றிக் கவலைப்படு என்றால் ஒருவன் அசைய மாட்டான். அவன் நிலத்தின் ஓரத்தில் ஒரு ரோடு போடப்போகிறோம் என்று சொல்லிப்பாருங்கள், அந்தச் சின்னப் பொது விஷயத்துக்கும் தன் பெரிய சொந்த விஷயத்துக்கும் உள்ள முடிச்சை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவான். உங்கள் சர்வே வரைபடம் செய்த வேலை இதுவேதான்.

வாத்தியாருக்குப் பதிலும் அவரிடமே இருக்கிறது. இந்த வழியில் அதியமான் கிடைக்க மாட்டான் என்பதை தொக்வில் ஒப்புக்கொள்கிறார். இது பெரிய தியாகங்களைத் தராது, தினம் தினம் சின்னச் சின்ன விட்டுக்கொடுத்தலைத் தரும். மகான்கள் குறைவார்கள், படு மோசமானவர்களும் குறைவார்கள், நிதானமும் முன்யோசனையும் உள்ள ஏராளமான சாதாரண ஆட்கள் உருவாவார்கள் என்கிறார். பழைய காலத்து மனிதர்கள் இன்றைக்கு இருப்பவர்களைவிட நல்லவர்களாக இருந்தார்களா என்பதே சந்தேகம், நன்மையைப் பற்றி அழகாகப் பேசினார்கள் என்பது மட்டும் நிச்சயம் என்றும் ஓரிடத்தில் எழுதுகிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. ஆதாயம் பார்த்துப் பொது வேலைக்கு வருகிறவன், வந்து வந்து பழகி, கடைசியில் கணக்குப் பார்க்காமலே வர ஆரம்பிப்பான். கட்டாயத்தில் தொடங்கியது பழக்கமாகி, பழக்கம் விருப்பமாகும். 'லாபத்துக்கு வந்தவன் நஷ்டத்துக்கு நிற்க மாட்டான்' என்பது முதல் வருஷத்துக்குச் சரி. பத்து வருஷம் சேர்ந்து கால்வாய் வெட்டியவர்களைப் பற்றி அப்படி முடிவு கட்ட முடியாது. அமெரிக்கர்கள் மனம் இளகி உதவி செய்துவிட்டுக்கூட ஆதாயத்துக்காகத்தான் செய்தேன் என்று சாதிப்பார்களாம், தங்கள் நல்ல குணத்துக்குத் தாங்களே அநியாயம் செய்துகொள்கிறார்கள் என்கிறார். கல்லை நெம்பி எடுத்த மனிதரைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வந்தது. முழுக்கக் கணக்கு மட்டுமே அந்தக் கடப்பாறையைத் தூக்க வைத்தது என்று நான் நம்பவில்லை.

பென்னாகரம் வாசகி:

மேலே உள்ளவர் நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டு பேருமே ஒன்றைத் தாண்டிப் போகிறீர்கள். வரைபடத்தில் புள்ளி வைத்தீர்களே, போர் இல்லாதவர்கள் எங்கே வருகிறார்கள் அதில்?

எங்கள் வீட்டுக்கு நிலம் கிடையாது. அம்மா கூலிக்குப் போனார், நூறு நாள் வேலையில் இதே மாதிரி ஏரியில் மண் வெட்டினார். ஏரி எங்களுக்கும் வேண்டும், ஆனால் வேறு காரணங்களுக்கு. ஆடு மேய்வது ஏரி உள்வாயில். துணி துவைப்பது அங்கே. அடுப்புக்கு விறகு அந்தச் சீமைக்கருவேலம்தான், முள் குத்தக் குத்த வெட்டிச் சும்மாடு வைத்துத் தூக்கி வந்த பெண்களுக்குத் தெரியும். நீங்கள் ஜேசிபி வைத்து எடுத்தீர்களே, அந்த மரம் யாருக்குப் போனது? லோடு ஏற்றி விற்றிருந்தால் அந்தக் காசு எந்தக் கணக்கில் வந்தது? குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. ஏக்கர் கணக்கில் பணம் வசூலித்தால் ஏக்கர் உள்ளவர்தான் கூட்டத்தில் பேசுவார், ஏக்கர் இல்லாதவர் ஓரமாக நின்று கேட்பார். அது நிலக்காரர்களின் சங்கம். ஊர் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவரவர் நலனைச் சொல்லி ஆள் சேர்ப்பதில் உள்ள ஓட்டை இதுதான். யாருடைய நலனுக்குக் கையில் காசும் வாயில் குரலும் இருக்கிறதோ அது பொதுநலன் என்று பெயர் வாங்கிக்கொள்ளும். தொக்வில் பார்த்த அமெரிக்காவில் அடிமைகள் இருந்தார்கள். அவர்கள் நலனை யாரும் வரைபடத்தில் குறிக்கவில்லை. அதை அவரே பார்த்தார், எழுதவும் செய்தார். ஆனால் முதலாளியின் ஆதாயக் கணக்கு எதுவும் அவர்களை விடுவிக்கவில்லை, பிறகு ஒரு உள்நாட்டு யுத்தமே நடக்க வேண்டியிருந்தது.

அதனால்தான் எனக்கு அம்பேத்கர் 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில் பேசியது இந்த விஷயத்தில் முக்கியம். அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஒரு மதிப்பு என்று ஆகப்போகிறது, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அந்தச் சமம் இல்லை, இந்த முரண்பாட்டோடு எத்தனை நாள் வாழ முடியும் என்று கேட்டார். சுதந்திரம், சமத்துவம் இரண்டோடு சகோதரத்துவத்தையும் சேர்த்துச் சொன்னார், மூன்றில் ஒன்றைப் பிரித்தாலும் ஜனநாயகம் நிற்காது என்றார். சகோதரத்துவம் ஆதாயக் கணக்கில் பிறக்காது. எனக்கு ஒன்றும் திருப்பித் தர முடியாதவருக்கும் இந்த ஏரியில் பங்கு உண்டு என்று முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும், கணக்கு அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்று. உங்கள் வாத்தியார் நினைக்கிற பழைய காலமும் அவ்வளவு சுத்தமானது இல்லை. குடிமராமத்து என்று எல்லோரும் மனமுவந்து செய்ததாகச் சொல்வார்கள். 1858-ல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்தில் அதற்குக் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். சட்டத்துக்கு முன்னாலும் கரையில் மண் சுமந்தவர் யார், மேட்டில் நின்று பார்த்தவர் யார் என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

கிணத்துமேடு (காரிமங்கலம்):

நான் விவசாயி, புத்தகம் அதிகம் படித்தவன் இல்லை. போர் விஷயத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அப்பா காலத்தில் கிணறு. ஏற்றம் போய் மோட்டார் வந்தது, கிணற்றுக்குள் சைடு போர் போட்டோம், அது வற்றி மேலே இருந்து போர் போட்டோம். பக்கத்துக் காட்டுக்காரர் எண்ணூறு அடி இறக்கினால் என்னுடையது நின்றுவிடும், நான் ஆயிரம் இறக்கினால் அவருடையது நிற்கும். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. அவரவர் பயிரைக் காப்பாற்ற அவரவர் சரியாகத்தான் முடிவெடுத்தோம். எல்லோரும் சரியாக முடிவெடுத்து ஊரே கடனில் மூழ்கியது. ரிக் வண்டிக்காரரும் கேசிங் பைப் விற்றவரும் தவிர யாரும் சம்பாதிக்கவில்லை. ஆழத்தில் இருந்து வந்த தண்ணீரில் ஃபுளோரைடு வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகளின் பழுப்பேறிய பல்லை வைத்தே வெளியூர்க்காரர்கள் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள். அதற்காகவே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013-ல் திறந்தார்கள்.

சட்டமும் இதற்கு ஒத்துழைக்கிறது. 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி என் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுக்க எனக்கு உரிமை. எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்க ஆள் இல்லை. அதனால் மாங்கொல்லை தம்பிக்கு நான் சொல்வது, ஆதாயம் சொல்லி ஏரியை நிரப்பியது ரொம்பச் சரி, ஆனால் ஏரி நிரம்பிய மறுநாளே அதே ஆதாயம் எதிர்ப்பக்கம் திரும்பும். தண்ணீர் ஊறிவிட்டது என்று தெரிந்ததும் யாராவது கரும்பு வைப்பார், யாராவது இன்னொரு போர் இறக்குவார். சேர்ப்பதற்கு ஒன்றாக வந்தவர்கள் எடுப்பதில் தனித்தனியாகப் பிரிவார்கள். அங்கேதான் உங்கள் ஊர் நிற்குமா விழுமா என்பது தெரியும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணி, 2009-ல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினார், அந்தப் பரிசு வாங்கிய முதல் பெண். அவருடைய முனைவர் பட்ட ஆராய்ச்சியே நம் விஷயம்தான்: லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஆளாளுக்கு நிலத்தடி நீரை இறைத்துக் கடல் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, அப்புறம் இறைத்தவர்களே சேர்ந்து உட்கார்ந்து, வழக்கு மன்றத்தின் மூலமாக ஒப்பந்தம் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று குறைத்துக்கொண்டார்கள். பொதுச் சொத்து என்றால் பாழாகத்தான் போகும், ஒன்று அரசு எடுக்க வேண்டும் அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று பெரிய படிப்பாளிகள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தம்மா ஊர் ஊராகப் போய், தாங்களே விதி போட்டு, தாங்களே காவல் இருந்து, மீறினால் முதலில் சின்ன அபராதம், திரும்ப மீறினால் பெரிது என்று நடத்துகிற இடங்களைக் காட்டினார். ஸ்பெயினில் வலென்சியா என்ற ஊரில் வாய்க்கால் பாசனக்காரர்கள் வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் பஞ்சாயத்து வைத்துத் தண்ணீர்த் தகராறைத் தீர்க்கிறார்கள், பல நூறு வருஷப் பழக்கம்.

மகாராஷ்டிராவில் ஹிவ்ரே பஜார் என்று ஒரு கிராமம். மழையை அளந்து, இந்த வருஷம் இவ்வளவு தண்ணீர், அதற்கு இந்தப் பயிர் என்று கிராம சபையில் முடிவு செய்கிறார்கள். பாசனத்துக்கு போர் போடக்கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. அங்கே இருப்பவர்களுக்கும் ஆதாயம் வேண்டும்தான். ஆனால் அந்த ஆதாயம் பக்கத்துக்காரர் கிணற்றின் வழியாகத்தான் வரும் என்று கண்ணால் பார்த்துவிட்டார்கள். இதை வெறும் பேச்சில் நம்ப வைக்க முடியாது. ஒருவர் மட்டும் நிறுத்தி மற்றவர் இறைத்தால் நிறுத்தியவர் ஏமாளி. எல்லோரும் நிறுத்துவார்கள் என்ற உறுதி இருந்தால்தான் நான் நிறுத்துவேன், அந்த உறுதிக்குப் பெயர்தான் விதி.

ஓசூர் ரூட்டு:

ஓட்டுக் கேள்விக்கு யாரும் வரவில்லை, அதனால் நான்.

ஆண்டனி டவுன்ஸ் என்பவர் 1957-ல் ஜனநாயகத்தையே ஆதாயக் கணக்காகப் போட்டுப் பார்த்தார். அந்தக் கணக்குப்படி ஓட்டுப்போடப் போவதே வீண். லட்சக்கணக்கான ஓட்டில் என் ஒரு ஓட்டு முடிவை மாற்றாது, போகிற செலவோ நிச்சயம். இப்போது 2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலேயே அதிகமாக ஓட்டுப்பதிவு நடந்தது தர்மபுரியில்தான், 81 சதவீதத்துக்கு மேல். பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் வேலை என்று போனவர்கள் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனார்கள். கட்சிக்காரர்கள் வண்டி வைத்து அழைத்து வந்தவர்களும் இதில் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சொந்தக் காசில் வந்தவர்கள் கூட்டமும் பெரிது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அந்த ராத்திரி பார்த்தவர்களுக்குத் தெரியும். நாமும் இந்த நாட்டில் ஒரு ஆள், நம்மைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது என்ற எண்ணம் எந்தக் கூலிக் கணக்கிலும் அடங்காது.

பணம் வாங்குவதற்கும் ஏரிக்குப் பணம் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெளிவாகவே படுகிறது. ஏரி நிரம்பினால் என் போரில் மட்டும் தண்ணீர் ஊறாது, கொடுக்காதவர் போரிலும் ஊறும். என் ஆதாயத்தை எல்லோருடைய ஆதாயத்தில் இருந்தும் பிரித்தெடுக்க முடியாது. ஓட்டுக்கு வாங்கும் நோட்டு என் சட்டைப்பைக்கு மட்டும் வருவது, அதோடு கணக்குத் தீர்ந்தது என்று அர்த்தம். அப்புறம் ஐந்து வருஷம் தண்ணீர் வரவில்லை, ரோடு இல்லை என்று கேட்கப்போனால், வாங்கினாயே என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்கள். 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-வது பிரிவில் அதை ஊழல் நடவடிக்கை என்று வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் வாங்குகிற ஏழையை மட்டும் திட்டுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அஞ்சு வருஷத்துக்கு ஒருநாள்தான் தன்னைத் தேடி யாராவது வருவார்கள் என்று தெரிந்தவர், வந்த அன்றைக்கு வாங்கிக்கொள்கிறார். வருஷம் முழுக்கக் கேட்க ஒரு இடம் இருந்தால் அந்த ஒருநாளுக்கு இவ்வளவு விலை இருக்காது.

மாங்கொல்லை:

எல்லோருக்கும் நன்றி. தொக்வில் பற்றி எழுதியதை வாத்தியாருக்கு வாசித்துக் காட்டினேன். மகான்கள் குறைவார்கள் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார், கொஞ்ச நேரம் கழித்து, 'பழக்கம் விருப்பமாகும் என்றாரே, அதைத் திரும்பப் படி' என்றார். ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

அக்கா கேட்டதற்கு: மரத்தை ஜேசிபி வாடகைக்கு ஈடாக ஏலம் விட்டோம். விறகு யாருக்கு என்ற பேச்சே கூட்டத்தில் வரவில்லை, ஏனென்றால் அதைக் கேட்கிறவர்கள் கூட்டத்திலேயே இல்லை. மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் மூன்றைத் தீர்மானமாக வைக்கப் பார்க்கிறோம். ஏரி உள்வாயில் மேய்ச்சலும் விறகும் நிலமில்லாதவர்களுக்கு. மீன் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு கால்வாய் பராமரிப்புக்கு, அந்த வேலையும் அவர்களுக்கே. ஏரிக்குக் கீழே புது போர் போடுவதாக இருந்தால் ஊரில் சொல்லிவிட்டுத்தான். கடைசி ஒன்றுக்கு இப்போதே இரண்டு பேர் முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள், இருவருமே கால்வாய்க்கு முதலில் பணம் கொடுத்தவர்கள்.

பென்னாகரம் வாசகி:

கிராம சபையைப் பகலில் வைப்பார்கள், ஆனால் கூலிக்கு லீவு கிடையாது. அதற்கு ஒரு வாரம் முன்னால் ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஒரு கூட்டம் போடுங்கள். கோயில் வாசலில் வேண்டாம், பள்ளிக்கூட மைதானத்தில். தண்டோரா காலனியிலும் போகட்டும். பெண்களைக் கூப்பிடுவதென்றால் விறகு, மேய்ச்சல் இரண்டையும் முதலில் எடுங்கள், போர் விவகாரத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள், இல்லையென்றால் அந்தச் சண்டையிலேயே பத்து மணி ஆகி அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். முறுக்கிக்கொண்டு நிற்கும் இரண்டு பேரிடம் கல்லை நகர்த்திய அந்த மனிதரைப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் பேச வேண்டாம்.